எந்தச் சட்டம்? காட்டுங்க!

தலைப்பு: விஞ்ஞான வசதிகள் சாமானிய மனிதனை நிமிர வைத்திருக்கின்றனவா? குனிய வைத்திருக்கின்றனவா?

(‘குனியவே வைத்திருக்கின்றன’ அணியின் இரண்டாவது பேச்சாளர்)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியிலே ரொம்ப நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசின எதிரணி அண்ணன் ஒரு காட்சியை வர்ணிச்சார். “ஐரோப்பாவைப் பாருங்கள்! அங்கே ஒரு சாதாரண மனுஷன் சமையலறையிலே உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டே போனைத் தட்டுகிறான். டிக்கெட் வந்துவிடுகிறது. காலையிலே வியன்னா, மத்தியானம் லண்டன். ராஜா மாதிரி பறக்கிறான். விஞ்ஞானம் அவனை எப்படி நிமிர்த்தி வைத்திருக்கிறது பார்த்தீர்களா?” என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா பேசினா தட்டணும் இல்லையா?

ஆனா நடுவர் அவர்களே, அண்ணன் அந்த மனுஷனைச் சமையலறையிலே உட்கார வச்சார், நேரா ஆகாயத்திலே ஏத்திட்டார். நடுவிலே ஒரு ஏர்போர்ட் இருக்கு. அதை விட்டுட்டார். (சிரிப்பு) அந்த ராஜாவோட நாமும் ஏர்போர்ட் வரைக்கும் போய்ட்டு வருவோம், வாங்க.

ராஜா வரிசையிலே நிக்கிறார். கோட்டைக் கழற்றணும். பெல்ட்டை உருவணும். பையிலே இருக்கிற சில்லறை, சாவி, கைக்கடிகாரம் எல்லாத்தையும் பிளாஸ்டிக் தட்டிலே போடணும். லேப்டாப்பை வெளியிலே எடுத்து வைக்கணும். அதுக்கு அப்புறம் மெஷின் ‘பீப்’புன்னு கத்தினா, குனிஞ்சு ஷூவைக் கழற்றணும். ஒரு கையிலே ஷூ, ஒரு கையிலே பேண்ட். பெல்ட் இல்லாத பேண்ட் ஐயா, விட்டா இறங்கிடும்! (பலத்த சிரிப்பு) இப்ப நீங்களே சொல்லுங்க, இந்த மனுஷன் நிமிர்ந்து நிக்கிறானா, குனிஞ்சு நிக்கிறானா?

நடுவர்: பாதுகாப்புக்குத்தானேம்மா செய்றாங்க?

ஒத்துக்கிறேன் ஐயா. ஆபத்து பொய்யின்னு சொல்ல நான் வரலே. 2001 டிசம்பர் 22. பாரிஸிலேயிருந்து மியாமிக்குப் போன விமானத்திலே ஒருத்தன் ஷூவுக்குள்ளே வெடிமருந்து வச்சு, தீக்குச்சியைக் கிழிச்சான். சக பயணிகள் பாய்ந்து பிடிச்சாங்க. அந்த ஒருத்தன் ஷூவுக்காக, அமெரிக்கா போன ஐரோப்பியன் அங்கேயிருந்து ஊர் திரும்பும்போதெல்லாம் ஷூவைக் கழற்றினான். அங்கே 2006-லே எல்லோருக்கும் கட்டாயமாக்கின அந்த விதியை 2025 ஜூலையிலேதான் எடுத்தாங்க. அதே 2006 ஆகஸ்ட் 10-ஆம் தேதி லண்டனிலே ஒரு கூட்டத்தைப் பிடிச்சாங்க. குளிர்பான பாட்டில்லே வெடிக்கிற திரவத்தை ஊத்தி, அட்லாண்டிக் கடலைத் தாண்டுற விமானங்களிலே கொண்டுபோகத் திட்டம் போட்டவங்க. கோர்ட்டிலே நிரூபணமாகித் தண்டனையும் ஆச்சு. ஆக, சோதனை வேண்டாம்னு சொல்ற பைத்தியக்காரத்தனம் எங்க அணிக்கு இல்லே.

எங்க கேள்வி வேற. ஒரு மனுஷனைக் குனியச் சொல்லும்போது, ‘ஏன் குனியணும், எந்தச் சட்டத்திலே எழுதியிருக்கு’ன்னு அவன் கேட்டா, பதில் இருக்கா? அந்தக் கதையைத்தான் இப்பச் சொல்லப் போறேன். நடந்த கதை. ஐரோப்பாவிலே, அதுவும் அண்ணன் சொன்ன அதே வியன்னாவிலே நடந்த கதை.

2005-ஆம் வருஷம் செப்டம்பர் 25. வியன்னாவிலே ஷ்வெஷாட்னு விமான நிலையம். ஒரு பயணி வர்றார். கைப்பையிலே என்ன இருக்குன்னு பார்க்கிறாங்க. கத்தி இல்லே, துப்பாக்கி இல்லே. டென்னிஸ் மட்டை! “இதைக் கேபினுக்குள்ளே கொண்டுபோகக் கூடாது, தடை செய்யப்பட்ட பொருள்”னு நிறுத்துறாங்க. அவர் கேக்கலே. மட்டையோடயே போய் விமானத்திலே ஏறிட்டார். செக்யூரிட்டிக்காரங்க விமானத்துக்குள்ளேயே வந்து, “இறங்குங்க கீழே”ன்னு இறக்கி விட்டுட்டாங்க.

நடுவர்: டென்னிஸ் மட்டையை வச்சு விமானத்தைக் கடத்த முடியுமாம்மா?

ஐயா, சில பேர் ஆடுற ஆட்டத்தைப் பார்த்தா பந்தையே அடிக்க முடியாது, விமானத்தை எங்கே கடத்துறது! (சிரிப்பு) ஆனா நாம சிரிச்சுட்டு விட்டுடுவோம். நம்மிலே எத்தனை பேரா இருந்தாலும் என்ன பண்ணியிருப்போம்? முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்போம். வீட்டுக்காரம்மா கிட்டே கோபத்தைக் காட்டியிருப்போம். அவர் அப்படிச் செய்யலே. அந்த மாநிலத்து நிர்வாகத் தீர்ப்பாயத்திலே போய் வழக்குப் போட்டார். “என்னை இறக்கினது சட்டப்படி தப்பு. எந்தச் சட்டத்தின்படி இறக்கினாங்க?”ன்னு கேட்டார்.

தீர்ப்பாயம் சட்டத்தைத் தேடிச்சு. இப்பத்தான் சுவாரசியம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம், 2002 டிசம்பரிலே ஐரோப்பிய யூனியன் ஒரு பொதுவான விமானப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அது வெளியான சட்டம். யார் வேணும்னாலும் படிக்கலாம். அதிலே தடியைப் பத்தி இருக்கு. பேஸ்பால் மட்டை மாதிரியான சாமான் கூடாதுன்னு இருக்கு. டென்னிஸ் மட்டை பேஸ்பால் மட்டை ‘மாதிரி’யா, இல்லையா? தெரியாது. விவரம் எங்கே இருக்கு? 2003 ஏப்ரலிலே போட்ட துணை விதியோட பிற்சேர்க்கையிலே இருக்கு. சரி, அந்தப் பிற்சேர்க்கையைக் கொண்டாங்க, பார்ப்போம்னா... அது ரகசியம்! (சிரிப்பு)

சிரிக்காதீங்க, நிஜம். ஐரோப்பிய யூனியன் போடுற சட்டம் எல்லாம் வெளியாக வேண்டிய அரசிதழ் ஒண்ணு இருக்கு. அதிலே அந்தப் பிற்சேர்க்கை அச்சாகவே இல்லே. ‘பாதுகாப்புக் காரணம், வெளியிடக் கூடாது’ன்னு வச்சுட்டாங்க. அதாவது, நீங்க எதைக் கொண்டுவரக் கூடாதுங்கிற சட்டத்தை நீங்க படிக்கக் கூடாது. படிக்காம இருந்தாலும் மீறக் கூடாது. மீறினா இறக்கி விட்டுடுவோம். எப்படி இருக்கு?

ரகசியம் வேண்டவே வேண்டாமான்னு கேட்டா, சிலது வேணும். பையை எந்தக் கோணத்திலே பார்க்கிறோம், எத்தனை பையைத் திறந்து பார்க்கிறோம், இதெல்லாம் வெடிகுண்டு வைக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. வீட்டுப் பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு திருடனுக்குப் பாடம் எடுக்க முடியாது. ஆனா ‘செருப்பை வெளியே விடவும்’னு வாசல்லே ஒரு போர்டு வைக்கலாம் இல்லே? அந்தப் போர்டையும் பீரோவுக்குள்ளே வச்சுப் பூட்டிட்டு, உள்ளே வந்தவனைப் பார்த்து ‘செருப்போட வந்துட்டியே’ன்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா என்ன நியாயம்? (கைதட்டல்)

இதை விட வேடிக்கை ஒண்ணு இருக்கு. 2004 ஜனவரியிலே அந்தப் பிற்சேர்க்கையைத் திருத்தினாங்க. திருத்தச் சட்டத்தோட முன்னுரை மட்டும் வெளியே வந்தது. அதிலே என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? பயணிகள் எதைக் கொண்டுவரக் கூடாதுங்கிறதுக்குப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஒரு பட்டியல் வேணும்னு எழுதியிருந்தாங்க. எழுதிட்டு, அந்தப் பட்டியலை மறுபடியும் ரகசியப் பிற்சேர்க்கையிலேயே வச்சுட்டாங்க! கல்யாணப் பத்திரிகையிலே ‘அனைவரும் வருக’ன்னு போட்டு, மண்டபத்தோட பேரை மட்டும் மறைச்ச மாதிரி. (பலத்த சிரிப்பு)

அந்தத் தீர்ப்பாயம் இதைத் தானே முடிவு பண்ணாம, லக்சம்பர்கிலே இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பிச்சது. அங்கே தீர்ப்புக்கு முன்னாலே அட்வகேட் ஜெனரல்னு ஒருத்தர் தன்னோட கருத்தைச் சொல்வாங்க. 2008 ஏப்ரலிலே எலனோர் ஷார்ப்ஸ்டன்கிற அம்மா சொன்னாங்க, இந்த விதியை ‘இல்லாத சட்டம்’னே அறிவிக்கணும்னு. அவ்வளவு கடுமையா!

2009 மார்ச் 10. ஐரோப்பிய நீதிமன்றத்தோட பெரிய அமர்வு தீர்ப்புச் சொல்லிச்சு. வெளியிடப்படாத அந்தப் பிற்சேர்க்கை தனிமனிதர்கள் மேல கடமையைச் சுமத்துகிற அளவிலே, அதுக்குக் கட்டுப்படுத்தும் சக்தி கிடையாது. அதாவது, காட்டாத சட்டத்துக்கு ஒருத்தன் கட்டுப்பட வேண்டியதில்லே! (நீண்ட கைதட்டல்)

கவனிங்க, ‘டென்னிஸ் மட்டை ஆபத்தில்லாதது’ன்னு நீதிமன்றம் சொல்லலே. ‘சோதனை பண்ணாதே’ன்னும் சொல்லலே. ‘முதல்லே எழுத்திலே காட்டு, அப்புறம் குனியச் சொல்லு’ன்னு சொல்லிச்சு. இந்தத் தீர்ப்பு வர்றதுக்குள்ளேயே, 2008 ஆகஸ்டிலே ஐரோப்பிய ஆணையம் பழைய விதியை எடுத்துட்டு, எல்லோரும் படிக்கிற மாதிரி புது விதியை அச்சிலே போட்டுட்டது. வழக்கு நடக்கும்போதே பீரோ திறந்துக்கிச்சு.

இப்ப எதிரணிக்கு என் கேள்வி. அந்த மனுஷனை நிமிர வச்சது எது? எக்ஸ்ரே மெஷினா? கம்ப்யூட்டரா? மெஷின் அவரைப் பார்த்து ‘பீப்’புன்னு கத்திச்சு, அவ்வளவுதான். நிமிர வச்சது அவர் வாயிலே வந்த கேள்வி. ‘எந்தச் சட்டம்? காட்டுங்க!’

நடுவர்: ஒரு டென்னிஸ் மட்டைக்கு இவ்வளவு பெரிய வழக்கு...

மட்டையோட போயிருந்தா பரவாயில்லே ஐயா. அந்த மூடின பெட்டிக்குள்ளே இன்னொண்ணும் போய் உட்கார்ந்தது. வீட்டிலே இருக்கிற தாய்மார்களுக்கு நல்லாப் புரியுற விஷயம். தண்ணி பாட்டில்.

லண்டனிலே கைது நடந்தது 2006 ஆகஸ்ட் 10-ன்னு சொன்னேன் இல்லையா? அன்னிக்கு பிரிட்டிஷ் விமான நிலையங்களிலே கைப்பையே கூடாதுன்னுட்டாங்க. பாஸ்போர்ட், பர்ஸ், கண்ணாடி, இதை மட்டும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையிலே போட்டு எடுத்துட்டுப் போகணும். கைக்குழந்தையோட வந்த தாய், புட்டிப்பாலைச் சோதனைக்காரர் முன்னாலே தானே குடிச்சுக் காட்டணும். குழந்தை அழுது, அம்மா பால் குடிக்கிறா! (சிரிப்பு) அன்னிக்கு இருந்த பயத்திலே அதைக்கூட நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

அதுக்கப்புறம் 2006 நவம்பர் 6 முதல் ஐரோப்பா முழுக்க ஒரு விதி. திரவம், களிம்பு, ஜெல் எதுவானாலும் ஒரு டப்பா 100 மில்லிக்கு மேலே இருக்கக் கூடாது. எல்லா டப்பாவும் சேர்ந்து ஒரு லிட்டர் பைக்குள்ளே அடங்கணும். டப்பாவோட அளவுதான் கணக்கு, உள்ளே இருக்கிறது இல்லே. 200 மில்லி டியூபிலே பிதுக்கிப் பிதுக்கிக் கடைசிச் சொட்டு மட்டும் இருந்தாலும் குப்பைத் தொட்டிதான். ஒரு பாட்டி சொந்தக்காரங்களுக்கு ஆசையாப் போட்ட ஜாம் பாட்டிலா? குப்பைத் தொட்டி. கடையிலே வாங்கின வாசனைத் தைலமா? குப்பைத் தொட்டி. குழந்தை உணவுக்கும், பயணத்திலே தேவைப்படுற மருந்துக்கும் மட்டும் விலக்கு.

இதுக்கு நோட்டீஸ் ஒட்டினாங்க, துண்டுப் பிரசுரம் கொடுத்தாங்க. அதை மறைக்கலே. ஆனா சட்டம்? சட்டத்தோட எழுத்து, அதே பூட்டின பிற்சேர்க்கைக்குள்ளே! ஐரோப்பிய நாடாளுமன்றமே 2007 செப்டம்பரிலே, இந்தத் திரவ விதி நிஜமாவே வேணுமான்னு திரும்பப் பாருங்க, புதுக் காரணம் எதுவும் காட்ட முடியலேன்னா எடுத்துடுங்கன்னு தீர்மானம் போட்டது.

அப்ப என்ன பதில் சொன்னாங்க? “கொஞ்சம் பொறுங்க, விஞ்ஞானம் வருது! திரவத்தைச் சோதிக்கிற மெஷின் வந்துட்டா இந்தக் கஷ்டமே இல்லே”ன்னாங்க. எதிரணிக்கு ரொம்பப் பிடிச்ச வசனம். 2013 ஏப்ரல்னு தேதி குறிச்சாங்க. தேதி வந்தது, மெஷின் வரலே. அப்புறம் ஒருவழியா வந்தது. ஆஸ்பத்திரியிலே தலையை ஸ்கேன் எடுக்கிற மாதிரி பையைச் சுத்திச் சுத்திப் படம் பிடிக்கிற மெஷின். சில ஐரோப்பிய விமான நிலையங்கள் பெரும் பணம் போட்டு வாங்கினாங்க. “இனிமே பாட்டிலை வெளியே எடுக்க வேண்டாம், 100 மில்லிக் கணக்கும் வேண்டாம்”னாங்க. ஜனங்களுக்குச் சந்தோஷம்.

எத்தனை நாள்? 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி, “அந்த மெஷின் இருக்கிற இடத்திலேயும் மறுபடி 100 மில்லிதான்”னு ஐரோப்பிய ஆணையம் சொல்லிட்டது. புது ஆபத்து ஏதும் வந்துதான்னா, அதெல்லாம் இல்லே, தொழில்நுட்பப் பிரச்சினை, தற்காலிகம்னாங்க. 2025 ஜூலையிலே ஒரு வகை மெஷினுக்கு மட்டும் சம்மதம் கொடுத்தாங்க. ஆக, இப்ப அங்கே ஒரு பயணியோட நிலைமை என்ன? புறப்படுற ஊர்லே ஒரு மெஷின், திரும்புற ஊர்லே வேற மெஷின். போகும்போது கூட வந்த ஷாம்பு, வரும்போது குப்பைத் தொட்டியிலே! (சிரிப்பு) எந்த ஊர்லே எந்த மெஷின் இருக்குன்னு ஷாம்பு வாங்குறவன் தெரிஞ்சு வச்சுக்கணுமா?

அடுத்தது, நம்ம எல்லோர் பையிலேயும் இருக்கிற சாமான். போன், லேப்டாப், பவர் பேங்க். எதிரணி சொல்ற நிமிர வைக்கிற சாமான்கள். பவர் பேங்கை எடுத்துக்குங்க. அது மேலே 20,000, 27,000-ன்னு ஏதோ ஒரு நம்பர் கொட்டை எழுத்திலே போட்டிருப்பான். அது மில்லியாம்பியர்-அவர். ஆனா விமான விதி என்ன சொல்லுது? 100 வாட்-அவர் வரைக்கும் கேள்வி இல்லாம கொண்டுபோகலாம், 160 வரைக்கும் விமானக் கம்பெனி அனுமதி வேணும், அதுக்கு மேலே கிடையாது. விக்கிறவன் ஒரு அளவையிலே விக்கிறான், தடுக்கிறவன் இன்னொரு அளவையிலே தடுக்கிறான். நடுவிலே பயணி பெருக்கல் கணக்குப் போடணும். 27,000-த்தை 3.7 வோல்டால் பெருக்கி ஆயிரத்தாலே வகுத்தா 99.9. தப்பிச்சோம்! (சிரிப்பு) 30,000-னு இருந்தா 111. மாட்டினோம். சில பெட்டியிலே வாட்-அவரும் பொடி எழுத்திலே இருக்கு. பூதக்கண்ணாடியையும் கைப்பையிலேயே வச்சுக்கலாம், அதுக்குத் தடை இல்லே.

அந்த பேட்டரியைக் கீழே சரக்கு அறைக்குப் போற பெட்டியிலே வைக்கக் கூடாது, கையிலேதான் வச்சுக்கணும். இது நல்ல விதி. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிச்சா, கேபின்லே ஆள் இருக்கு, தண்ணி ஊத்தி அணைக்கலாம். கீழே யார் பார்க்கிறது? காரணம் புரியுது, மனசு ஒத்துக்குது.

ஆனா 2017 மார்ச்சிலே என்ன நடந்தது? துருக்கி, எகிப்து மாதிரி சில நாடுகளிலேயிருந்து நேரா பிரிட்டனுக்கு வர்ற விமானத்திலே லேப்டாப்பைக் கேபினுக்குள்ளே கொண்டுவரக் கூடாது, கீழே போடுன்னு பிரிட்டன் உத்தரவு போட்டது. 16 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேலே இருக்கிற எந்த எலெக்ட்ரானிக் சாமானும் கூடாது. லீவுக்குத் துருக்கி போய்ட்டுத் திரும்புற இங்கிலாந்துக் குடும்பம், பிள்ளை படம் பார்க்கிற டேப்லெட்டை ஸ்கேல் வச்சு அளக்கிறாங்க! அடுத்த மாசமே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு என்ன சொல்லுது? “லித்தியம் பேட்டரி உள்ள சாமான்களைக் கேபின்லே வைக்கிறதுதான் நல்லது. கீழே போட்டுத்தான் ஆகணும்னா, முழுசா அணைச்சு, தானா ஆன் ஆகாதபடி பாதுகாத்துப் போடுங்க.” ஒருத்தர் குண்டுக்குப் பயந்து கீழே போடுங்கிறார், ஒருத்தர் தீக்குப் பயந்து மேலே வைங்கிறார். மாமியார் ஒண்ணு சொல்ல, மாமனார் ஒண்ணு சொல்ல, நடுவிலே நிக்கிற புது மருமகள் மாதிரி அந்தப் பயணி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: உங்க வீட்டு அனுபவமாம்மா?

டி.வி.யிலே வருது ஐயா. அதை விட்டுடுங்க. (பலத்த சிரிப்பு)

போனைப் பத்தி ஒரு வார்த்தை. ‘போன்லே டிக்கெட்’னு அண்ணன் பெருமையாச் சொன்னாரே, 2025 நவம்பரிலே ஐரோப்பாவிலே ஒரு பெரிய விமானக் கம்பெனி காகித போர்டிங் பாஸையே எடுத்துட்டது. எல்லாம் போன்லேதான். போன் கெட்டுப்போனா கவுண்டர்லே உதவி பண்ணுவோம்னு சொல்றாங்க, சரி. ஆனா ஸ்மார்ட்போனே தொடாத ஒரு எழுபத்தஞ்சு வயசுத் தாத்தா, பேரனைப் பார்க்கப் போகணும்னா பக்கத்து வீட்டுப் பையனைக் கெஞ்சணும். வசதி முதல்லே ‘வேணும்னா வச்சுக்கோ’ன்னு வருது. கொஞ்ச நாள் கழிச்சு ‘இல்லேன்னா உள்ளே வராதே’ன்னு நிக்குது.

மறுபடியும் ஏர்போர்ட்டுக்கு வர்றேன், ஒரே நிமிஷம். உடம்பை ஊடுருவிப் பார்க்கிற ஸ்கேனர். 2009 கிறிஸ்துமஸ் அன்னிக்கு, ஆம்ஸ்டர்டாமிலேயிருந்து டெட்ராய்ட் போன விமானத்திலே ஒருத்தன் உள்ளாடையிலே வெடிமருந்து வச்சிருந்தான். உடனே எல்லோருக்கும் உடம்பு ஸ்கேனர்னு கிளம்பினாங்க. அந்தக் காலத்து மெஷின்லே மனுஷன் துணியில்லாம தெரிவான். அதுக்கு ஒரு வருஷம் முன்னாலே, 2008 அக்டோபரிலேயே, ஐரோப்பிய நாடாளுமன்றம் இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. இது மானப் பிரச்சினை, உடம்புக்குக் கெடுதியா இல்லையான்னு பார்க்காம விடாதேன்னு. அதனாலே 2011 நவம்பரிலே விதி வந்தபோது, எக்ஸ்ரே கதிர் அடிக்கிற மெஷின் கூடாது, படத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது, வேண்டாம்னு சொல்ற பயணிக்கு வேற முறையிலே சோதனை பண்ணணும்னு எழுத்திலே வந்தது. இப்ப அந்த மெஷின்லே தெரியுறது குழந்தை சிலேட்டிலே வரைஞ்ச மாதிரி ஒரு பொம்மை. எந்த இடத்திலே சந்தேகமோ அங்கே ஒரு கட்டம். தாய்மார்கள் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பொம்மையை வரைய மெஷினுக்கு முதல் நாளே தெரியாதா? யாராவது கோபப்பட்ட பிறகுதான் தெரிஞ்சுதா?

நடுவர்: அம்மா, ஒரு சந்தேகம். நீங்க சொல்றதைப் பார்த்தா, கடைசியிலே எல்லா இடத்திலேயும் மனுஷன் நிமிர்ந்துட்டான் போலிருக்கே? அப்ப எதிரணிக்குல்லே பலம் சேர்க்கிறீங்க? (சிரிப்பு)

நல்ல கொக்கி போட்டீங்க ஐயா. நிமிர்ந்தான். எப்ப நிமிர்ந்தான்? வழக்குப் போட்டப்ப நிமிர்ந்தான். ஓட்டுப் போட்டப்ப நிமிர்ந்தான். மெஷின் வந்தப்ப குனிஞ்சான். தலைப்பு என்ன? ‘விஞ்ஞான வசதிகள்’ நிமிர வைத்தனவான்னு. வக்கீல்கள் நிமிர வைத்தாங்களான்னு தலைப்பு இருந்தா, நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன்! (பலத்த கைதட்டல்)

ஒரே ஒரு உதாரணம், எல்லார் வீட்டிலேயும் இருக்கிறது. சார்ஜர். ஐரோப்பாவிலே ஒரு வீட்டிலே நாலு பேர்னா, அப்பா போனுக்கு ஒரு வாய், அம்மா போனுக்கு ஒரு வாய், பையன் டேப்லெட்டுக்கு ஒரு வாய். வெளியூர் போறப்ப துணியை விட வயர்தான் அதிகம். மேசை டிராயரைத் திறந்தா பாம்புப் புத்து மாதிரி! வேண்டாம்னு தூக்கிப் போடுற சார்ஜர் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 11,000 டன் குப்பைன்னு ஐரோப்பிய ஆணையமே கணக்குச் சொல்லிச்சு. 2009-லே கம்பெனிகளைக் கூப்பிட்டு, நீங்களா ஒத்துமையா ஒரே வாய்க்கு வாங்கன்னு பேசிப் பார்த்தாங்க. பல கம்பெனி வந்தது, முழுசா வரலே. பத்து வருஷத்துக்கு மேலே இழுத்தது. கடைசியிலே 2022 அக்டோபர் 4. ஐரோப்பிய நாடாளுமன்றத்திலே ஓட்டெடுப்பு. ஆதரவு 602, எதிர்ப்பு 13, நடுநிலை 8. போன், டேப்லெட், கேமரா எல்லாத்துக்கும் யு.எஸ்.பி.-சி தான் வாய்னு சட்டம். 2024 டிசம்பர் 28-லேயிருந்து அமல். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28-ன்னு கெடு. பழைய சார்ஜரே போதும்னு நினைக்கிறவனுக்கு, சார்ஜர் இல்லாம போனை மட்டும் வாங்குற உரிமையும் அதே சட்டத்திலே இருக்கு. தனி வாய்தான்னு வருஷக்கணக்கா நின்ன ஐபோன்கூட 2023 செப்டம்பரிலேயே அந்த வாய்க்கு மாறிட்டது.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சிட்டாங்க, முடிச்சுக்கிறேன் ஐயா. அடுத்துப் பேச வர்ற எதிரணித் தலைவருக்கு ஒரு கேள்வியை விட்டுட்டுப் போறேன், அவர் சௌகரியமா யோசிச்சுப் பதில் சொல்லட்டும். யு.எஸ்.பி.-சிங்கிற அந்த வாயை விஞ்ஞானம் 2014-லேயே கண்டுபிடிச்சுக் கையிலே கொடுத்தாச்சு. அது எல்லாப் போனுக்கும் வந்து சேர 2024 டிசம்பர் வரைக்கும், நடுவிலே பத்து வருஷம், அந்த வாயை அடைச்சு வச்சிருந்தது யார்?

(நீண்ட கைதட்டல்)